சேற்றை விட்டு ஏறாத டிராக்டர்

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் டிராக்டர் கழனியில் இறங்கியது. அதற்கப்புறம் அது வீட்டுப் பக்கமே வரவில்லை. அவ்வளவு வேலையா என்று கேட்காதீர்கள். சேற்றை விட்டு ரோட்டில் ஏறினால் ஃபைனான்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் அப்பா அதை ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

மேட்டரை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை, சொல்லச் சொல்ல விளங்குகிறதா பார்ப்போம்.

உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. அப்பா தவணையில் டிராக்டர் எடுத்தபோது நான் காஞ்சிபுரத்தில் காலேஜ் சேர்ந்திருந்தேன். நடவு சீசன் வந்தால் அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். காவாந்தண்டலம் வரைக்கும் போய் ஓட்டிவிட்டு வருவார். அடுத்தவர் கழனியை ஓட்டுகிற கூலியில் தவணை, எங்கள் கழனி நெல்லில் சாப்பாடு. பிளான் பக்காவாகத்தான் இருந்தது.

அப்புறம் ஏர்போர்ட் வருகிறது என்று பேச்சு வந்தது. அது எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம், வந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பிளாட் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது போல. ஒவ்வொரு கழனியாக வாங்கி, கிராவல் அடித்து, மஞ்சள் பெயின்ட் பூசின கல் நட்டார்கள். கல் நட்ட இடத்தில் ஏருக்கு என்ன வேலை? அப்பாவின் போன் அடங்கியது. கூடவே ஒரு அறுப்புச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துப் போனது. தவணை நின்றது. அப்பாவின் போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது, இந்தத் தடவை ஃபைனான்ஸ் ஆபீஸிலிருந்து.

இங்கேதான் எனக்கு மண்டை சுற்ற ஆரம்பித்தது. கழனி விலை ஏறியதால்தான் எங்களுக்கு வேலை போனது. ஆனால் எங்களிடமும் முக்கால் காணி, அதாவது ஒரு ஏக்கர் கழனி இருக்கிறது. அதுவும்தான் விலை ஏறியிருக்கிறது. அப்படியென்றால் நாங்கள் நொடித்துப் போனோமா, பணக்காரர்கள் ஆனோமா? அப்பா காணியில் கணக்குச் சொல்வார். பிளாட்காரர்கள் சதுர அடியில் சொல்வார்கள். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் எங்கள் முக்கால் காணியைச் சதுர அடியாக்கி, பக்கத்து லேஅவுட் ரேட்டால் பெருக்கிப் பார்த்தேன். போன் ஸ்க்ரீனில் சைபர் வரிசையாக நின்றது. ஹாஸ்டலில் என்கூட இருந்த தோழிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். "அடிப்பாவி, நீ கோடீஸ்வரிடி" என்று பதில் போட்டாள். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

"சிலிண்டர்காரன் வரேன்னு சொல்லிகீறான். உன் போன்ல துட்டு இன்னா கீது?"

கோடீஸ்வரியின் போனில் ஒன்றும் இல்லை.

முக்கால் காணியில் பத்து சென்ட் விற்றால் டிராக்டர் கடன் மொத்தமும் க்ளோஸ். பி.காம் படித்த எனக்கு இது பளிச்சென்று தெரிந்தது. "இவ்ளோதானே நைனா, இதுக்குப் போய் ஏன் சீன் போடுறீங்க?" என்றுகூட அப்பாவிடம் கேட்டேன். ஆனால் தாத்தா போனபிறகு அது கூட்டுப் பட்டாவாகிவிட்டது. அப்பாவோடு மூன்று அத்தைகளின் பெயரும் அதில் இருக்கிறது. அவர்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு கூடை மண்கூட விற்க முடியாது. பெரிய அத்தைக்கு நானே போன் போட்டேன்.

"அத்த, பத்து சென்ட் ஒண்டி வித்து வண்டி கடன அடச்சிடலாம். கையெழுத்து போடுறியா?"

"பத்து சென்ட்டு எதுக்குடி? வித்தா முழுசா வித்து, எங்க பங்க எடுத்து வெக்கச் சொல்லு உங்க நைனாவ."

"முழுசா வித்துட்டா நாங்க எங்க பயிர் வெக்கிறது?"

"அப்ப விக்காத. ஏர்போர்ட்டு வந்தாக்கண்டி விக்கலாம். ரோட்டு பக்கம் பத்து சென்ட்ட பிச்சி குடுத்துட்டா, உள்ள கீற மீதிய எவன் வாங்குவான்? எங்க பங்குக்கு வழி வேணாவா?"

அத்தை சொன்னதும் நியாயம்தான். இந்த விவகாரத்தில் எல்லாருமே நியாயமாகத்தான் பேசினார்கள். அதுதான் பேஜார்.

ஆக, வண்டியைக் காப்பாற்ற மிச்சம் இருந்த ஒரே வழி சேறு.

நடவுக்கு முன்னால் கழனியில் தண்ணீர் கட்டி மண்ணைக் கூழாகக் குழப்ப வேண்டும். எங்கள் பக்கம் அதைச் சேடை ஓட்டுவது என்போம். அதற்கு டிராக்டரின் பின்பக்க ரப்பர் டயர்களைக் கழற்றிவிட்டு, இரும்புப் பட்டைகளைக் கூண்டு மாதிரி வெல்டிங் பண்ணின கேஜ் வீலை மாட்டுவார்கள். சேற்றில் அந்தச் சக்கரம்தான் கெத்து. ஆனால் தார் ரோட்டில் ஏறினால் ரோட்டைக் கோழி கிளறுகிற மாதிரி கிளறிவிடும். எந்த ஃபைனான்ஸ்காரராலும் அந்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போக முடியாது. அப்பா கழற்றிப் போட்ட டயர்களை நானும் அம்மாவும் உருட்டிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் சாத்தி வைத்தோம். வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள், டயரையா அப்பாவையா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அரைகுறையாகச் சேடை ஓட்டின கழனியிலிருந்து வண்டியை வெளியே எடுக்க எங்கள் ஊரில் யாரும் விடமாட்டார்கள். நாற்றைப் பறித்து வைத்திருப்பார்கள், நடவுக்கு ஆள் சொல்லியிருப்பார்கள். நடுவில் வண்டியை எடுக்கிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கழனிக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஊரில் டிராக்டர் தவணை பாக்கி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் இந்த டெக்னிக் தெரியும். அப்பா இதில் ஸ்டேட் லெவல். எந்தக் கழனியையும் முடிக்கமாட்டார். ஒரு மூலையை அப்படியே விட்டுவிட்டு, வரப்பைத் தாண்டி அடுத்தவர் கழனியில் இறங்குவார். அதை முக்கால்வாசி ஓட்டிவிட்டு, திரும்பி வந்து பழைய மூலையை முடிப்பார். எப்போது பார்த்தாலும் எங்கள் வண்டி யாருடைய வேலைக்கோ நடுவில் நின்றது. மிச்சமிருந்த கழனிகளே கொஞ்சம், அதில் வந்த கூலி டீசலுக்குச் சரியாகப் போனது. வேறு வேலை இல்லாதபோது எங்கள் கழனியையே மறுபடி மறுபடி ஓட்டினார்.

ஃபைனான்ஸிலிருந்து வந்தவர் என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். இன் பண்ணின சட்டை, கையில் ஹெல்மெட். முதல் தடவை ஒரு டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டிரைவர் இரும்புச் சக்கரத்தைப் பார்த்தார், திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"சார், இத்த ஓட்டிக்கினு போனா ரோடு நார் நாரா கியிஞ்சிடும். அப்பால ஊர்க்காரன் என்னத்தான் புடிச்சி கட்டி வெப்பான். ஆள வுடுங்க." அவர் கிளம்பிப் போய்விட்டார்.

"டயர் எங்கண்ணே?" என்று ஃபைனான்ஸ்காரர் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்.

அப்பா வண்டியை நிறுத்தவே இல்லை. "பஞ்சர் தம்பி! போட குடுத்துகீது!"

"ரெண்டுமேவா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு தொணைக்கு போயிகீது!"

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க படிச்சவங்க. நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"என்னங்க சொல்றது? இது எங்க கழனிகூட இல்ல. பாதில வண்டிய எடுத்தீங்கன்னா கழனிக்காரர் உங்களையே ஏர்ல பூட்டிடுவாரு," என்றேன். சொல்லும்போது நல்ல பஞ்ச் மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்து போனில் கத்திக்கொண்டிருந்தார்.

அவர் தினமும் வந்தார். வண்டி என்றைக்காவது கரை ஏறும் என்று காத்திருந்தார். காத்திருக்க அவருக்குக் கிடைத்த இடம் பெரியப்பாவின் லேஅவுட்.

பெரியப்பா என்றால் அப்பாவுக்கு அண்ணன் முறை. அவருடைய கழனி எங்கள் கழனியை ஒட்டினாற்போல் இருந்தது. அதை பிளாட்காரருக்கு விற்றுவிட்டு, இப்போது அதே இடத்தில் அதே பிளாட்காரருக்கு புரோக்கராக உட்கார்ந்திருக்கிறார். முகப்பில் ஒரு வளைவு, ஒரு ஷாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஃபைனான்ஸ்காரர் அந்த நிழலில் உட்கார்ந்து எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரியப்பா அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவரைச் சும்மா விட்டுவிட பெரியப்பாவுக்குத் தெரியாது.

இதற்கிடையில் தண்ணீர் தன் வேலையைப் பார்த்தது. விடாமல் சேடை ஓட்டினால் விடாமல் தண்ணீர் கட்ட வேண்டும். அந்த வருஷம் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, மதகு திறந்தே கிடந்தது. எங்கள் கழனியில் மிஞ்சுகிற தண்ணீர் எப்போதும் பெரியப்பா கழனியின் ஓரமாக வடிகாலில் இறங்கி வெளியே போகும். லேஅவுட் போட்டபோது அந்த வடிகாலில் பாதி கிராவலுக்கு அடியில் போய்விட்டது, பாதி திறந்து கிடந்தது. தண்ணீர் பழைய வழியிலேயே போனது. போய், பாதியில் முட்டி, பின்வரிசை பிளாட்டுகளில் பரவி நின்றது.

ஒரு நாள் மத்தியானம் நானும் அம்மாவும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனோம். ஃபைனான்ஸ்காரர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார்.

"அண்ணே! தண்ணிய நிறுத்துங்கண்ணே!"

"உனக்கு இன்னா தம்பி? வண்டி உங்க கம்பெனிது. தண்ணி ஏரிது."

"என் பிளாட்டுல நிக்குதுண்ணே!"

அப்பா அன்றைக்குத்தான் முதல் முறையாக அவருக்காக வண்டியை நிறுத்தினார்.

விஷயம் இதுதான். உட்கார்ந்து உட்கார்ந்து பெரியப்பா பேச்சைக் கேட்டு, அவர் பின்வரிசையில் ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மீதிக்கு பிளாட்காரரிடமே கடன் சொல்லியிருந்தார்.

"வண்டி புடிக்க வந்தவரு நம்மளாண்ட நெலத்துக்காரரா ஆயிட்டாரா?" அம்மா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பிளாட்டுக்கு மாசா மாசம் தவணையா?" என்று நான் கேட்டேன்.

"ம்."

"கட்டலன்னா?"

"மேடம், நீங்க வேற ஏன் மேடம்."

அவர் அப்பாவிடம் திரும்பிக் கெஞ்சினார். அப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நிறுத்தறேன் தம்பி. தண்ணிய நிறுத்தனா ஓட்றது நிக்கும். ஓட்றது நின்னா நீ வண்டிய எடுத்துகினு போயிடுவ. அப்பால நான் இன்னா பண்ணட்டும்? நீயே சொல்லு."

"தவண கட்டுங்கண்ணே."

"துட்டு எங்க கீது?"

"நெலம் கீதேண்ணே! சதுரடி இன்னா ரேட்டு போவுது தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு எப்டி தெரியும்? நீதான வாங்கிகீற."

ஒரு பக்கம் பார்த்தால் எங்கள் வண்டியைப் பிடித்தால்தான் அவருக்கு இன்சென்டிவ் வரும், பிளாட் தவணை கட்டலாம். இன்னொரு பக்கம் பார்த்தால் வண்டியைப் பிடிக்க வந்து உட்கார்ந்ததால்தான் அவருக்கு அந்தத் தவணையே வந்தது. எனக்கு அவர்மேல் கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று புரியவில்லை. அம்மா குழம்பவில்லை. அவருக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பிளாட் பார்க்க வேனில் ஆள் வந்தார்கள். சென்னைப் பக்கத்துக் குடும்பங்கள், பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில் சகிதம். பின்வரிசைக்கு வந்ததும் எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். வரப்பில் நின்றிருந்த எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"இது ஏரிங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"ஐய, ஏரியா? கிரவுண்ட் வாட்டரும்மா! எப்டி கீது பாருங்க! இங்க போர் போட்டா பொத்துகினு ஊத்தும்!" பெரியப்பா கொஞ்சமும் அசரவில்லை.

"போரே வேணாம் போலருக்கே," என்று அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சொன்னார். வேன் திரும்பிப் போய்விட்டது. ஷாமியானாவில் பொட்டலங்கள் அப்படியே மிஞ்சின.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக எங்கள் வரப்புக்கு வந்தார்.

"டேய்! இன்னாடா பண்ணிக்கினு கீற? ஒரே கயனிய எத்தினி வாட்டிடா ஓட்டுவ?"

"நல்லா கொயஞ்சாத்தாண்ணா நாத்து புடிக்கும்."

"கொயஞ்சிதா? பாயசம் மாரி கீதுடா! எடுத்து குடிக்கலாம்!"

"சார், எனக்கு அட்வான்ஸ திருப்பி குடுத்துடுங்க சார்." ஃபைனான்ஸ்காரர் பின்னாலேயே வந்து நின்றார்.

"நீ வேற சொம்மா இருப்பா! வந்த வேலைய பாத்து வண்டிய தூக்கினு போயிருந்தேன்னா இந்நேரம் தண்ணியும் நின்னுருக்கும், என் யாவாரமும் ஆயிருக்கும். வேல செய்ய துப்பு இல்ல, பிளாட்டு கேக்குதா உனக்கு?"

"நீங்கதான சார் குந்தவெச்சி விக்கிறீங்க!"

இரண்டு பேரும் சேற்றோரம் நின்று கத்தினார்கள். அப்பா மட்டும் என்ஜினை அணைக்காமல் சீட்டிலேயே இருந்தார். கத்திக் கத்திக் களைத்த பிறகு பெரியப்பாவுக்குத்தான் அந்த ஐடியா வந்தது. பின்வரிசை பிளாட்டுகளை கிராவல் கொட்டி மேடாக்க வேண்டும். அதற்கு டிப்பர் வைத்த டிராக்டர் வேண்டும். அப்பா சேடையை நிறுத்திவிட்டு அந்த லோடு அடிக்கட்டும். பாக்கித் தவணையை பிளாட்காரர் நேராக ஃபைனான்ஸில் கட்டிவிடுவார், லோடு கூலியில் கழித்துக்கொள்வார். அங்கேயே பிளாட்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார். அந்தப் பக்கம் சரி என்றார்கள். ஃபைனான்ஸ்காரர் தன் ஆபீஸுக்கு போன் போட்டார். அங்கேயும் சரி என்றார்கள்.

வண்டி தப்பித்துவிட்டது. அரை மணி நேரத்தில்! நான் கத்திக் குதித்திருக்க வேண்டும். ஆனால் யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று போனில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். பிளாட்காரர் காசு ஃபைனான்ஸுக்கு, ஃபைனான்ஸ்காரர் வாங்குகிற சம்பளம் பிளாட் தவணையாக மறுபடி பிளாட்காரருக்கு, நடுவில் எங்கள் அப்பா மண் சுமக்கிறார். அம்பெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. நாங்கள் ஜெயித்தோமா இல்லையா என்பதற்கு மட்டும் அம்பு எங்கே போடுவது என்று தெரியவில்லை.

அம்மா பெரியப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏம் மாமா, அந்த எடத்த மேடாக்கிட்டா எங்க கயனி தண்ணி எங்க வடியும்?"

"பைப்பு போடுவாங்கம்மா."

"எப்போ?"

"போடுவாங்கம்மா. வுட்டுடுவாங்களா?"

மறுநாள் வைக்கோலுக்குப் பின்னாலிருந்து டயர்களை உருட்டிக்கொண்டு வந்தோம். கேஜ் வீலைக் கழற்றி, டயரை மாட்டி, பெரியப்பா ஏற்பாடு பண்ணின டிப்பரைப் பூட்டிக்கொண்டு அப்பா ரோட்டில் ஏறினார். டீக்கடையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். முதல் லோடு கிராவலோடு லேஅவுட்டுக்குத் திரும்பி வந்தபோது பெரியப்பா பள்ளமான இடமாகப் பார்த்துக் கையைக் காட்டினார். திறந்து கிடந்த பாதி வடிகால் அதுதான்.

"தோ, இங்க கொட்டு மொதல்ல. இதான் ஆழம்."

அப்பா வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தினார். ஹைட்ராலிக் லிவரில் கையை வைத்தார், இழுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இன்னா சொல்ற?"

அப்பா என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கொட்டினால் எங்கள் கழனிக்கு வடிகால் கிடையாது. கொட்டாவிட்டால் சாயங்காலமே வண்டி கிடையாது. வண்டி இல்லாமல் கழனியை வைத்து என்ன பண்ணுவது? கழனி இல்லாமல் வண்டி எதற்கு?

"தெரில நைனா," என்றேன்.

"அண்ணே, கொட்டும்போது போட்டோ ஒண்ணு எடுக்கணும். ஆபீஸ்ல கேட்டாங்க." ஃபைனான்ஸ்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா லிவரை இழுத்தார். கிராவல் சரிந்து இறங்கியது. தண்ணீர் கொஞ்ச நேரம் செம்மண் நிறத்தில் நுரைத்தது, அப்புறம் அங்கே தண்ணீர் இருந்த மாதிரியே தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்தாள். நாற்று வயசு ஏறிக்கொண்டிருந்தது. "நடவுக்கு ஆளு சொல்லலாமா வேணாமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"சொல்லு."

"தண்ணி வடியலன்னா?"

"எங்கனா போவும். சொல்லு."

நடவுக் கூட்டத்தைக் கூட்டி வருகிற அக்காவுக்கு நான்தான் போன் போட்டேன். யார் வீடு என்று சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வண்டி சேத்துலயே கெடந்துதே, அந்த வூடா? அங்கதான் கல்லு நட்டாங்களாமே?"

"அது பெரியப்பாதுக்கா. எங்களுது கழனி."

"நல்லா கேட்டு சொல்லும்மா. இப்டித்தான் ஒரு வூட்ல கூப்டாங்கன்னு எல்லாரையும் இட்டுகினு போனேன். போயி பாத்தா ஜேசிபி நிக்குது. வேல இல்லாம அல்லாரும் திரும்பி வந்தோம். உங்களுது இன்னா, கயனியா பிளாட்டா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாசலில் குந்திக்கொண்டு டயர் இடுக்கில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கழனிதாங்க்கா," என்றேன். "இந்தப் போகத்துக்குக் கழனிதான். வந்துடுங்க."